குதிரை வீரன் என்று எழுதப்பட்ட தெய்வம்

பழம்பொருள் விற்பனைப் பட்டியல்களைப் பார்ப்போருக்குப் பழகிய வரி ஒன்று உண்டு: ‘இந்தியா, வெண்கலம், குதிரை வீரன், 18 அல்லது 19ஆம் நூற்றாண்டு.’ அதனுடன் ஒரு புகைப்படமும் உயர அளவும் இருக்கும். ஊர்ப்பெயர் பெரும்பாலும் இராது. இருந்தால் ‘தக்காணம்’ என்பதோடு நின்றுவிடும். இந்த வரியில் பொய் என்று சொல்லத்தக்க சொல் எதுவும் இல்லை. படிமத்தில் குதிரை இருக்கிறது; அதன்மேல் வாளேந்திய ஒருவர் இருக்கிறார். ஆயினும், அப்படிமத்தை வார்த்தவரோ வாங்கியவரோ நாள்தோறும் அதற்குப் பூச்சூட்டியவரோ ஒரு நாளும் அதை இப்பெயரால் அழைத்திருக்க மாட்டார். கண்ணுக்குத் தெரிவதை எழுதிவிட்டு, வாய் சொன்னதை விட்டுவிட்ட வரி அது.

இவ்வாறு ‘குதிரை வீரன்’ எனப் பதிவாகும் சிறு உலோகப் படிமங்களுள் ஒரு வகையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: மராட்டிய நாட்டின் கண்டோபா. மொழியியல் பயின்ற எனக்கு இப்படிமத்தின்மீது ஈர்ப்பு ஏற்பட்டது அதன் அழகினால் மட்டுமன்று. இதைச் சுற்றி வழங்கும் சொற்களைத் தொகுத்தால் தக்காணத்தின் ஐந்நூறு ஆண்டுச் சமூக வரலாற்றில் ஒரு பகுதி கிடைக்கிறது. அச்சொற்களை நீக்கினால் எஞ்சுவது சில அங்குல உயரமுள்ள உலோகம்.

முதலில் படிமத்தைப் பார்ப்போம். குதிரை சிறியது; ஊர்பவர் அதற்குப் பொருந்தாத அளவில் பெரியவர். பல படிமங்களில் அவருக்கு நான்கு கைகள்: வாள், திரிசூலம், உடுக்கை, ஒரு கிண்ணம். சிலவற்றில் இரண்டு கைகளே உண்டு; வலக்கை வாளை ஓங்கியிருக்கும். அவருடன் அதே குதிரையில் ஒரு பெண் அமர்ந்திருப்பதும் உண்டு. சில வேளைகளில் அவள் கையிலுள்ள ஈட்டி கீழே கிடப்பவன்மீது பாய்ந்திருக்கும். குதிரையின் முன்கால் ஒரு தலையின்மேல் ஊன்றியிருக்கும். குதிரையோடு ஒரு நாயும் ஓடிவரும்.

இவற்றுள் ஒவ்வொன்றும் ஓர் அடையாளம். திரிசூலமும் உடுக்கையும் இவர் சிவனின் வடிவம் என்று சொல்கின்றன. கிண்ணம் மஞ்சள்தூளுக்கு உரியது. மராத்தியில் அத்தூளுக்குப் ‘பண்டாரா’ என்று பெயர். ஜேஜுரி மலையில் திருவிழா நாளில் படிக்கட்டும் மண்டபமும் மனிதரும் ஒரே மஞ்சள் நிறமாக மாறுவது இந்தத் தூளினால்தான். குதிரையோடு வரும் பெண் தேவியான ம்ஹாள்சா. கீழே கிடப்பவர் மணி, மல்லன் என்னும் அசுர உடன்பிறப்புகள்.

இந்தியாவில் குதிரையேறிய தெய்வங்கள் பல. இராஜஸ்தானத்துப் பாபூஜி ஈட்டியோடு தம் பெண்குதிரைமேல் வருவார். கோகாஜியைப் பாம்பைக் கொண்டு அறியலாம். பஸ்தரின் கட்வா கைவினைஞர் வார்க்கும் ராவ் தேவ், ஊர்க்காவல் தெய்வம். தமிழ் வாசகருக்கு ஐயனார் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் ஒப்புமையைக் கண்டதும் உறவு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. குதிரை எல்லோருக்கும் பொது. கிண்ணமும் நாயும் கீழுள்ள தலையும் சேர்ந்து வரும்போதுதான் அது கண்டோபா. ‘குதிரை வீரன்’ என்ற பொதுச்சொல் இந்த வேறுபாடுகள் அனைத்தையும் ஒரே கோணிப்பையில் கட்டிவிடுகிறது.

இனி, இது எங்கே இருந்தது என்ற வினா. பெருங்கோயில் உற்சவமூர்த்தியைப்போல் ஊர்வலம் வந்த சிற்பமன்று இது. வீட்டுப் பூசைமாடத்தில் இருந்தது. மராத்தியில் அம்மாடத்திற்குத் ‘தேவ்ஹாரா’ என்று பெயர். அதில் வார்ப்புப் படிமங்களோடு ‘டாக்’ எனப்படும் சிறு தகடுகளும் இருக்கும். வெள்ளி அல்லது பித்தளைத் தகட்டில் தெய்வ உருவைப் புடைப்பாக எழுப்பிச் செய்வது டாக். குலதெய்வம், முன்னோர் ஆகியோரின் டாக்குகள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும். வீட்டிலுள்ள இத்தெய்வங்களைத் துணியில் முடிந்து ஜேஜுரிக்கு எடுத்துச் சென்று, மூலத் தெய்வத்தைச் ‘சந்திக்க’ வைத்துத் திரும்பக் கொண்டுவருவது இன்றும் உள்ள வழக்கம். எனவே வீட்டுப் படிமம் தனித்து நிற்கும் பொருளன்று. ஒரு மலையோடும் ஒரு குடும்பத்தோடும் கட்டுண்ட பொருள்.

படிமத்தின் முகம் தேய்ந்திருப்பதற்குக் காரணமும் இதுவே. பழம்பொருள் வணிகத்தில் தேய்மானம் தொன்மையின் சான்றாக விலை பேசப்படும். ஆனால் அது காலத்தால் மட்டும் நேர்ந்த தேய்வன்று. நாள்தோறும் நீராட்டி, துடைத்து, மஞ்சள் பூசி, விரலால் பொட்டிட்ட கைகளால் நேர்ந்தது. மூக்கும் கண்ணும் வழவழப்பாகி மறைந்திருக்கும். விரல் எட்டாத சேணத்தின் மடிப்பில் வேலைப்பாடு கூர்மையாகவே இருக்கும். சில படிமங்களின் இடுக்குகளில் மஞ்சள்தூள் இன்னும் ஒட்டியிருக்கும். தேய்ந்த இடத்தையும் தேயாத இடத்தையும் ஒப்பிட்டால் அதை வழிபட்டோரின் கை எங்கெங்கே சென்றது என்று வாசிக்கலாம்.

உலோகத்தின் பெயரிலும் கவனம் வேண்டும். செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது வெண்கலம். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது பித்தளை. விற்பனைப் பட்டியலில் ‘வெண்கலம்’ எனக் குறிக்கப்படுபவற்றுள் பித்தளைப் படிமங்களும் உண்டு. உலோகப் பகுப்பாய்வு இன்றி நிறத்தைக் கண்டு சொல்வது ஊகமே. மராத்தியில் பித்தளைக்குப் ‘பிதள்’ என்று பெயர். நம் சொல்லுக்கு உறவுச்சொல். ஒரு மராட்டிய இல்லத்துப் பெண்மணி தம் மாடத்திலிருப்பது பிதளா, காசியா என்று தயங்காமல் சொல்லியிருப்பார். அந்த அறிவும் பட்டியலில் ஏறவில்லை.

செய்முறை மெழுகு வார்ப்பு. உருவத்தை மெழுகில் செய்து, நுண்ணிய களிமண்ணை முதலில் பூசி, பின்னர்க் கனத்த மண்ணால் மூடி, சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பின் மண் அச்சை உடைத்தால்தான் படிமம் வெளிப்படும்; ஆகவே ஓர் அச்சில் ஒரு படிமம் மட்டுமே. தக்காணத்தில் இம்முறைக்கு எழுத்துச் சான்று பழையது. மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூல் இதனை விவரிக்கிறது. ஆனால் அந்நூல் அரசவைக்குரியது. நம் குதிரையேறியின் கடிவாளத்தை மெழுகு நூலால் உருட்டி ஒட்டிய கைவினைஞர் தம் பெயரை எங்கும் பொறித்து வைக்கவில்லை.

பெயர் என்றதும் மையப்பொருளுக்கு வருகிறோம். கண்டோபா என்பதில் ‘கண்டா’ என்பது வாள். ‘பா’ என்பது தந்தையைக் குறிக்கும் மரியாதை விகுதி. பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இது. வடமொழிப் புராண மரபில் இவர் மார்த்தண்ட பைரவர். மல்லனுக்குப் பகைவர் என்ற பொருளில் மல்லாரி, மராத்தியில் மல்ஹாரி. கன்னட நாட்டில் இவர் மைலாரன், மைலாரலிங்கன். தெலுங்கு நாட்டில் மல்லண்ணா. தெலங்கானத்துக் கொமுரவெல்லி அவருடைய புகழ்பெற்ற தலம். காக்கதீயர் தலைநகர் ஓருகல்லில் மைலார அடியார்களைக் காணும் காட்சி, ‘கிரீடாபிராமம்’ என்னும் பழைய தெலுங்கு நூலில் வருகிறது.

மூன்று மொழிகளிலும் கதை அப்படியே ஒன்றல்ல; ஆனால் அதன் எலும்புக்கூடு ஒன்று. ஜேஜுரியில் ம்ஹாள்சா லிங்காயத வணிகர் குலத்துப் பெண். இரண்டாம் மனைவி பாணாயி ஆடு மேய்க்கும் தன்கர் குலத்துப் பெண். கொமுரவெல்லியிலும் இரு தேவியர்: லிங்க பலிஜ குலத்து மேடலம்மா, இடையர் குலத்துக் கேதம்மா. கடைத்தெருவிலிருந்து ஒருத்தி, மேய்ச்சல் நிலத்திலிருந்து ஒருத்தி. சந்தைக்கும் மந்தைக்கும் இடையிலான தக்காணத்தின் பொருளியல் உறவு ஒரு தெய்வத்தின் இல்லறமாக உருப்பெற்றிருக்கிறது. தன்கர்களின் வாய்மொழிப் பாடல்களில், ம்ஹாள்சாவிடம் சூதாட்டத்தில் தோற்று வீட்டை விட்டு வெளியேறும் கண்டோபா, பாணாயியின் தந்தையிடம் வேலையாளாகச் சேர்ந்து ஆடு மேய்க்கிறார். மலைமேல் ம்ஹாள்சாவோடு கண்டோபா. மலையேறும் வழியில் பாதித் தொலைவில் பாணாயி கோயில். குடும்பச் சண்டை நிலவியலாகவே நிற்கிறது. ரா. சி. டேரே மராத்தியிலும் குந்தர் சொந்தைமர் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் இம்மரபுகளைத் தொகுத்து ஆராய்ந்திராவிட்டால், படிமத்தில் ஓடும் நாயை நாம் அலங்காரம் என்றே எண்ணியிருப்போம். மேய்ப்பனின் நாய் அது. வேட்டைக்காரனின் நாயும் அதுவே. கண்டோபாவுக்கு நேர்ந்துவிடப்பட்ட ‘வாக்யா’க்கள் தம்மை அவருடைய நாய்கள் என்று சொல்லிக்கொண்டனர்.

இவ்வழிபாட்டின் மொழிச் சான்றுகளுள் என்னை வியக்க வைத்தது ஜேஜுரியில் எழும் முழக்கம். அடியார்கள் மஞ்சளை வாரி இறைத்து ‘யேள்கோட், யேள்கோட்’ என்று முழங்குவர். மராத்தியில் ஏழுக்குச் ‘சாத்’ என்று பெயர். ‘யேள்’ என்று ஓர் எண் அம்மொழியில் இல்லை. ஆனால் மைலாரனின் கன்னட அடியார்கள் முழங்குவது ‘ஏளுகோட்டி’: ஏழு கோடி. இறைவனின் படை ஏழு கோடி என்று அதற்கு விளக்கம் தருவர். கன்னடத்தில் மொழிமுதல் ஏகாரத்தின் முன் யகரச் சாயல் ஒலிப்பது இயல்பு. தமிழ்ப் பேச்சிலும் அதைக் கேட்கலாம். ஆக, பொருள் தெரியாத புனித ஒலியாக மராத்தி நாவில் தங்கியிருப்பது ஒரு திராவிட எண்ணுப்பெயர். பழங்கன்னடத்தில் ழகரம் இருந்து பின்னர் ளகரத்தோடு கலந்தது. ஆனால் மராத்தியில் ழகரமே இல்லை. எனவே ‘யேள்’ என்பதிலுள்ள ளகரத்தைக் கொண்டு இச்சொல் எந்தக் காலத்தில் எல்லை கடந்தது என்று கணிக்க முயல்வது வீண். எல்லை கடந்தது என்பது மட்டும் உறுதி. ஜேஜுரிப் படிக்கட்டில் நிற்கும் தமிழர் ஒருவருக்கு, சுற்றி நிற்கும் ஆயிரக்கணக்கானோருக்கு விளங்காத அந்த ஒரு சொல் விளங்கும்.

குதிரைக்கு வருவோம். மேய்ப்பரின் தெய்வத்துக்குக் குதிரை எப்படி வந்தது? புராணத்தின் விடை ஒன்று: தோற்ற மணி மனந்திருந்தித் தன் வெண்குதிரையைக் காணிக்கையாக அளித்து, தெய்வத்தின் அருகிலேயே இருக்கும் வரம் கேட்டான். ஆகவே குதிரையின் காலடியில் உள்ள உருவத்தை ‘மிதிபடும் பகைவன்’ என்று மட்டும் குறிப்பது கதையைப் பாதியில் நிறுத்துவதாகும். வென்றவர் ஏறியிருப்பது தோற்றவனின் குதிரை; தோற்றவனும் கோயிலுக்குள் இடம் பெற்றிருக்கிறான்.

வரலாற்றின் விடை வேறு. தக்காணம் நல்ல போர்க்குதிரைகளை வளர்த்த நிலமன்று. அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கடல்வழி வந்த குதிரைகளுக்குப் பாமினி சுல்தான்களும் விஜயநகர அரசரும் பெரும்பொருள் கொடுத்தனர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகமதுநகரின் மாலிக் அம்பர், மராட்டிய இலகுக் குதிரைப்படையைக் கொண்டு முகலாயரை எதிர்த்தார். பின்னர் மராட்டியப் படையில் அரசின் குதிரையை ஊர்ந்தவன் ‘பார்கீர்’. சொந்தக் குதிரையோடு வந்தவன் ‘சிலேதார்’. குதிரை வைத்திருப்பது ஒரு குடியானவனைப் படைவீரனாக்கியது. படைவீரனைத் தலைவனாகவும் ஆக்கக்கூடியதாக இருந்தது.

ஓல்கர் குடும்பமே இதற்குச் சான்று. தன்கர் குலத்துக் கண்டோஜியின் மகன் மல்ஹார் ராவ் (1693–1766) குதிரைப்படைத் தலைவராக உயர்ந்து இந்தூர் அரசின் அடித்தளமிட்டார். அவர் மகன் கண்டே ராவ். மருமகள் புகழ்பெற்ற அகல்யாபாய். கண்டோஜி, மல்ஹார், கண்டே ராவ் என மூன்று தலைமுறை ஆண்களின் பெயரும் ஒரே தெய்வத்தின் பெயரே. ஆட்டு மந்தையிலிருந்து குதிரைச் சேணத்துக்கு ஏறிய குடும்பம் ஒன்று வழிபட்ட படிமத்தில் நாயும் குதிரையும் ஒன்றாக ஓடுவதைத் தற்செயல் என்று என்னால் கருத இயலவில்லை.

இங்கே ஓர் எதிர்வாதம் எழலாம்: அப்படியானால் ‘குதிரை வீரன்’ என்ற பட்டியல் சொல் சரிதானே? ஆம், ஒரு வகையில் சரியே. அதற்கு இந்திய மொழிகளில் சொந்தச் சொல்லே உண்டு. வடமொழி ‘ராஜபுத்ர’ பிராகிருதத்தில் தேய்ந்து ‘ராவுத்த’ ஆயிற்று. மராத்தியில் ராவுத், கன்னடத்தில் ராவுத, தெலுங்கில் ரௌது, தமிழில் இராவுத்தர்: எல்லாம் குதிரையேறுபவரைக் குறித்த சொற்கள். கண்டோபாவுக்கே ‘ராவுத்ராய்’ என்றொரு பெயர் வழங்குகிறது. இஸ்லாமிய அடியார்கள் அவரை மல்லு கான் என்றும் அஜ்மத் கான் என்றும் அழைப்பதுண்டு. தமிழகத்தில் இச்சொல் குதிரை வணிகத்தோடும் படையோடும் தொடர்புடைய முஸ்லிம் சமூகத்தின் பெயராகத் தங்கிவிட்டது. அதே சொல்லால் 15ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர், மயிலூரும் முருகனையும் விளித்தார். அரசகுமாரன், படைவீரன், வணிகன், முஸ்லிம், தெய்வம் என இத்தனை பேரையும் தாங்கிய ஒரு சொல் அது. பட்டியலிலுள்ள ‘குதிரை வீரன்’ என்பதில் இவர்களுள் ஒருவரும் இல்லை. ஒரே பொருளைச் சுட்டினாலும் இரண்டும் ஒரே சொல் ஆகா.

இதனால் என்ன ஆகிவிடப்போகிறது என்று மாணவர்கள் கேட்கலாம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத சிற்பங்களைத் தொல்பொருளாகக் கருதுகிறது. தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்புவதைத் தடுக்கிறது. கோயிலிலிருந்து களவுபோன பெருஞ்சிலைகளைப் பழைய புகைப்படத்தையோ கல்வெட்டையோ காட்டி மீட்க முடிந்திருக்கிறது. வீட்டு மாடத்துப் படிமத்துக்கு அத்தகைய சான்று ஏது? அதைப் பற்றிய பதிவு முழுவதும் ஒரு குடும்பத்தின் நினைவில் இருந்தது: யார் செய்வித்தது, எந்த நேர்த்திக்காக, எத்தனை முறை ஜேஜுரி சென்று வந்தது என்பன. குடும்பம் நகரத்துக்குப் பெயர்ந்தபோதோ, பாகம் பிரித்தபோதோ, வறுமையிலோ அது எடைக்கு விற்கப்பட்டிருக்கலாம். அந்தக் கைமாற்றத்தின்போது ஒருவர் ஒரே ஒரு வினாவைக் கேட்டிருந்தால் போதும்: ‘இதை நீங்கள் என்ன பெயர் சொல்லிக் கும்பிடுவீர்கள்?’ மல்ஹாரி என்று சொல்லியிருந்தால் ஒரு நிலம். மைலாரன் என்றால் இன்னொன்று. மல்லண்ணா என்றால் வேறொன்று. உருவம் மூன்று மொழிகளுக்கும் நெருங்கியதாக இருக்கும்போது பெயர் ஒன்றே அதன் முகவரி.

எனவே களப்பணிக்குச் செல்லும் இளம் ஆய்வாளர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. படிமத்தின் உயரத்தையும் எடையையும் அளப்பதற்கு முன், அதன் உரிமையாளர் அதை அழைக்கும் சொல்லை அவர் ஒலிக்கும்படியே எழுதிக்கொள்ளுங்கள். உலோகத்துக்கு அவர் சொல்லும் பெயர், மாடத்துக்குச் சொல்லும் பெயர், நாய்க்குப் பெயர் உண்டானால் அதையும் எழுதுங்கள். அருங்காட்சியகப் பதிவுகளைத் திருத்தும் பொறுப்பில் உள்ளோர் ‘குதிரை வீரன்’ என்பதை அழிக்க வேண்டியதில்லை. அதன் அருகே ஒரு கட்டத்தைச் சேர்த்து, வழிபட்டோர் வழங்கிய பெயருக்கு இடம் விடட்டும். தெரியாதபோது அது வெற்றிடமாகவே இருக்கலாம். ஒரு பெயர் தொலைந்திருக்கிறது என்பதையாவது அந்த வெற்றிடம் அடுத்து வருபவருக்குச் சொல்லும்.

மெழுகு வார்ப்பில் மெழுகு உருகி ஓடிய பின்னரே உலோகம் அதன் வடிவத்தைப் பெறுகிறது. மெழுகை நாம் பார்ப்பதில்லை. ஆனால் படிமத்தின் ஒவ்வொரு வளைவும் அது விட்டுச்சென்றது. இப்படிமங்களைப் பொறுத்தவரை மொழியும் அத்தகையதே. மராத்தி, கன்னடம், தெலுங்கு பேசும் நண்பர்கள் தங்கள் வீட்டுக் குதிரையேறிக்கு வழங்கும் பெயரை அறிந்திருந்தால் கீழே எழுதுங்கள்; ஊர்ப்பெயரோடு எழுதினால் இன்னும் நன்று.